இரண்டுக்கு இரண்டு வாக்கு: நியூயார்க் சோனிங் மேல்முறையீட்டு வாரியத்தில் எங்கள் வழக்கு முடிந்துவிட்டதா?

வேலியோரம் கேட்டது:

நான் நியூயார்க் மாநிலத்தில், நியூயார்க் நகர எல்லைக்கு வெளியே, டவுன் நிர்வாகத்துக்குட்பட்ட ஒரு பகுதியில் வசிக்கிறேன். வீட்டின் பின்புறம் தரைத்தளத்திலேயே அம்மாவுக்காக ஓர் அறையும், சக்கர நாற்காலி உள்ளே திரும்பக்கூடிய குளியலறையும் கட்ட விண்ணப்பித்திருந்தோம். எங்கள் மண்டலத்துக்கான சோனிங் விதிகளின்படி (எங்கே என்ன, எப்படிக் கட்டலாம் என்ற நிலப்பயன்பாட்டு விதிகள்) பின் எல்லையிலிருந்து 25 அடி விட்டுத்தான் கட்ட வேண்டும்; எங்கள் வரைபடப்படி கட்டினால் 18 அடிதான் மிஞ்சும். கட்டட ஆய்வாளர் அனுமதி மறுத்துவிட்டார். அந்த மறுப்புக் கடிதத்தை வைத்துக்கொண்டு, இங்கே எல்லோரும் வேரியன்ஸ் என்று சொல்லும் விதிவிலக்கைக் கேட்டு, சோனிங் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போனோம்.

வாரியத்தில் ஐந்து உறுப்பினர்கள். விசாரணையன்று ஒருவர் வரவில்லை. பின்வீட்டுக்காரர் எழுந்து, தம் சமையலறைச் சன்னலுக்கு நேர் எதிரே சுவர் வந்துவிடும் என்றார். இன்னொருவர், இன்று இதற்கு இடம் கொடுத்தால் நாளை தெருவே மாறிவிடும் என்றார். தலைவர் விசாரணையை அன்றே முடித்து, அன்றே வாக்கெடுப்பும் நடத்தினார். ஆதரவாக இருவர், எதிராக இருவர். “தீர்மானம் நிறைவேறவில்லை” என்று அறிவித்துவிட்டு அடுத்த வழக்கை அழைத்துவிட்டார்கள். எதிர்த்த இருவரும் ஏன் எதிர்த்தார்கள் என்பதற்கு ஒரு வாக்கியம்கூடச் சொல்லவில்லை.

வாக்குகள் சமமாகப் பிரிந்தால் அது தோல்வியா, அல்லது முடிவே எடுக்கப்படவில்லை என்று பொருளா? அன்று வராத ஐந்தாவது உறுப்பினர் இப்போது வாக்களிக்க முடியுமா? மறுபடியும் விசாரிக்கும்படி வாரியத்தையே கேட்கலாமா, அல்லது நேரே நீதிமன்றம்தானா? இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற விலக்கு கொடுத்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

---

தணிகை எழுதியது:

நான் வழக்கறிஞன் அல்லன். ஆனால் இதே மாநிலத்தின் வேறொரு டவுனில் இத்தகைய வாரியத்தில் சில காலம் மாற்று உறுப்பினராக இருந்தவன் என்பதால், மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து இது எப்படித் தெரியும் என்று சொல்ல முடியும்.

முதலில் வாக்குக் கணக்கைப் பார்ப்போம். நியூயார்க் டவுன் சட்டத்தின் 267-ஏ பிரிவின்படி, வாரியத்தின் எந்தத் தீர்மானமும் நிறைவேற, அன்று வந்திருப்பவர்களில் பெரும்பான்மை போதாது. முழு வாரியத்தின் பெரும்பான்மை வேண்டும். இடம் காலியாக இருந்தாலும், உறுப்பினர் ஊரில் இல்லாவிட்டாலும், ஐந்து பேர் வாரியத்தில் மூன்று ஆதரவு வாக்குகள் விழுந்தாக வேண்டும். ஆகவே வராதவரும், வந்து வாக்களிக்காமல் ஒதுங்கியவரும், விளைவளவில் எதிர்வாக்குப் போட்டவர்களுக்குச் சமம். நான்கு பேர் மட்டும் வந்திருக்கும் இரவில் தலைவர்கள் பலர் விண்ணப்பதாரரைப் பார்த்து, “முழு வாரியம் கூடும்வரை தள்ளி வைக்கட்டுமா?” என்று கேட்பது இதனால்தான். உங்களிடம் கேட்கவில்லை போலிருக்கிறது. கேட்டே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை என்றாலும், அது நல்ல வழக்கம்.

சமமாகப் பிரிந்த வாக்கு என்ன ஆகும் என்பது ஒரு காலத்தில் குழப்பமாகத்தான் இருந்தது. ஹண்டிங்டன் டவுன் வாரியத்தின் மீது ‘டால் ட்ரீஸ்’ என்ற கட்டுமான நிறுவனம் தொடுத்த வழக்கில், மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றமான அப்பீல் நீதிமன்றம் 2001இல், போதிய உறுப்பினர்கள் கூடி வாக்களித்த பின் பெரும்பான்மை கிடைக்காவிட்டால் அது மறுப்பே என்று தீர்த்தது. இப்போது சட்டத்திலேயே அதற்கு ஓர் உட்பிரிவு இருக்கிறது: விலக்கு அளிக்கும் தீர்மானத்துக்கு உரிய காலத்துக்குள் பெரும்பான்மை கிடைக்காவிட்டால் மேல்முறையீடு மறுக்கப்பட்டதாகும்.

‘உரிய காலத்துக்குள்’ என்ற சொற்களை ஊன்றிப் படியுங்கள். விசாரணை முடிந்த நாளிலிருந்து 62 நாட்களுக்குள் வாரியம் முடிவெடுக்க வேண்டும். விண்ணப்பதாரரும் வாரியமும் ஒப்புக்கொண்டால் அதை நீட்டிக்கலாம். அதே உட்பிரிவின் அடுத்த வாக்கியம், தோற்றுப்போன தீர்மானத்தை வாரியம் திருத்தி, அந்தக் காலத்துக்குள் மறுபடி வாக்கெடுப்புக்கு விடலாம் என்றும், அதற்கு மறுவிசாரணை நடைமுறை தேவையில்லை என்றும் சொல்கிறது. உங்கள் வழக்கில் விசாரணை முடிந்த அன்றே வாக்கெடுப்பும் நடந்துவிட்டதால், அந்த 62 நாட்களில் பெரும்பகுதி இன்னும் கையில் இருக்கக்கூடும். பலர் இந்த வாக்கியத்தைக் கவனிக்காமல் உடனே மறுவிசாரணை கேட்டு மனுப்போட்டு, இருப்பதிலேயே கடினமான வழியில் மாட்டிக்கொள்கிறார்கள்.

அது ஏன் கடினம் என்றால், 267-ஏ பிரிவின் 12ஆம் உட்பிரிவின்படி மறுவிசாரணைக்கான முன்மொழிவை வாரிய உறுப்பினர் ஒருவர்தான் கொண்டுவர வேண்டும். நீங்கள் கடிதம் எழுதலாம், முன்மொழிய முடியாது. மறுவிசாரணை நடத்துவதா என்பதற்கே அன்று வந்திருக்கும் அனைவரின் ஒருமித்த வாக்கு வேண்டும். அதன்பின் முதல் விசாரணைக்குக் கொடுத்தது போலவே பொது அறிவிப்புக் கொடுத்து, விசாரித்து, பழைய முடிவை மாற்றுவதற்கு மீண்டும் வந்திருப்போர் அனைவரின் ஒருமித்த வாக்கு வேண்டும். பழைய முடிவை நம்பி நல்லெண்ணத்தோடு செயல்பட்டவர்களின் உரிமை பாதிக்கப்படவில்லை என்றும் வாரியம் கண்டறிய வேண்டும். ஒரு முறை மறுவிசாரணை செய்யப்பட்ட முடிவை இன்னொரு முறை எடுக்கவும் முடியாது. எதிர்த்து வாக்களித்த இருவரில் ஒருவர் அன்று வந்து கையை உயர்த்தாமல் இருந்தாலே போதும், கதவு மூடிக்கொள்ளும்.

ஐந்தாவது உறுப்பினரைப் பற்றி: விசாரணைக்கு நேரில் வராதவர் வாக்களிக்கவே கூடாது என்று இல்லை. பதிவேட்டையும் சான்றுகளையும் படித்து, ஒலிப்பதிவு இருந்தால் கேட்டு, வழக்கை அறிந்துகொண்டேன் என்று அவர் பதிவில் சொல்லிவிட்டு வாக்களிப்பதை நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. நாங்கள் இருந்தபோதும் அப்படித்தான் செய்வோம். எழுத்தர் அதைக் குறிப்பேட்டில் தனி வரியாகவே எழுதுவார்.

இப்போது இன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. டவுன் கிளார்க் அலுவலகத்துக்குப் போய், உங்கள் வழக்கின் எழுத்துவழி முடிவு பதிவாகிவிட்டதா, ஆகியிருந்தால் அதன் மேல் விழுந்த முத்திரையில் என்ன தேதி என்று பாருங்கள். முடிவெடுத்த ஐந்து வேலை நாட்களுக்குள் அதைப் பதிய வேண்டும் என்பது சட்டம். வாரியத்தின் முடிவை எதிர்த்து நீதிமன்றத்தில் ‘ஆர்ட்டிகிள் 78’ என்ற வழக்குப் போடுவதற்கான 30 நாள் கெடு அந்தப் பதிவுத் தேதியிலிருந்துதான் ஓடுகிறது. வாரியத்துக்குக் கடிதம் எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால் அந்தக் கடிகாரம் நமக்காக நிற்கும் என்று எண்ணிவிடக் கூடாது. 62ஐ எண்ணிக்கொண்டிருந்து 30ஐக் கோட்டைவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

---

கோட்டுப்படம் எழுதியது:

நான் வீட்டு வரைபடங்கள் போடுபவள். இந்த வாரியங்களின் முன் விண்ணப்பதாரர்களுடன் அடிக்கடி போய் நிற்பவள். தணிகை ஐயா நடைமுறையைச் சொல்லிவிட்டார். எதிர்த்த இருவரில் ஒருவரின் மனத்தை மாற்றக்கூடியது எது என்பதை நான் சொல்கிறேன்.

1992இல் நடப்புக்கு வந்த விதிகளின்படி, உங்களுடையது போன்ற அளவுசார்ந்த விலக்குக்கு வாரியம் ஒரு தராசைத்தான் கையில் எடுக்க வேண்டும்: விண்ணப்பதாரருக்குக் கிடைக்கும் நன்மை ஒரு தட்டில், அக்கம்பக்கத்தின் உடல்நலம், பாதுகாப்பு, நலவாழ்வு ஆகியவற்றுக்கு ஏற்படும் கேடு மறு தட்டில். அப்போது அது ஐந்து கேள்விகளைக் கேட்க வேண்டும். அக்கம்பக்கத்தின் தன்மை விரும்பத்தகாதபடி மாறுமா, அதே நன்மையை விலக்கு இல்லாமல் வேறு வழியில் அடைய முடியுமா, கேட்கும் விலக்கு கணிசமானதா, சுற்றுச்சூழலுக்கோ நிலத்தின் நிலைமைக்கோ பாதிப்பு உண்டா, இந்த இக்கட்டு தானே வருவித்துக்கொண்டதா. கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ என்ற விடை வந்தாலும் அது ஒன்றை மட்டும் வைத்து மறுக்க வேண்டியதில்லை. 1995இல் ‘சாஸோ எதிர் ஆஸ்குட்’ என்ற படகுக் கொட்டகை வழக்கில் அதே அப்பீல் நீதிமன்றம் இந்தத் தராசை விளக்கியது. பழைய சட்டத்தில் தேவைப்பட்ட ‘நடைமுறை இடர்ப்பாடு’ என்ற தனி நிரூபணத்தை விண்ணப்பதாரர் இப்போது காட்ட வேண்டியதில்லை என்றும் சொன்னது. நிலத்தின் பயன்பாட்டையே மாற்றக் கேட்கும் விலக்கு வேறு வகை. அதற்குச் சோதனைகள் மிகக் கடுமை. நியாயமான வருவாயே வராது என்பதைக் கணக்கோடு காட்ட வேண்டும். உங்களுக்கு அது பொருந்தாது.

இந்த ஐந்தில் உங்களை வீழ்த்தியவை இரண்டாவதும் மூன்றாவதும்தான் என்று படுகிறது. 25 அடியில் 7 அடி குறைகிறது என்றால் 28 சதவீதம். உறுப்பினர்கள் கூட்டத்தில் மனக்கணக்காகப் போடும் முதல் கணக்கு இதுதான். ‘வேறு வழியில்லையா?’ என்ற கேள்விக்கு உங்கள் விண்ணப்பத்தில் என்ன எழுதியிருந்தீர்கள்? பெரும்பாலான விண்ணப்பங்களில் அந்த இடத்தில் ‘இல்லை’ என்று ஒரே சொல் இருக்கும். அது விடையே அல்ல. பக்கவாட்டில் கட்டினால் ஏன் முடியாது, இருக்கும் அறை ஒன்றை மாற்றினால் ஏன் போதாது, மாடியில் ஏன் வைக்க முடியாது என்று ஒவ்வொன்றையும் கோட்டுப்படமாகப் போட்டு, அளவோடு தள்ளிக் காட்ட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். சக்கர நாற்காலி முழுவட்டமாகத் திரும்ப 60 அங்குல விட்டமுள்ள வெற்றிடம் வேண்டும். இந்த வட்டத்தைக் குளியலறைக்குள் முழுதும் அடக்கினால் அந்த அறை பின்நோக்கி நீளும். கழுவுதொட்டியின் அடியை மூடாமல் முழங்கால் நுழையும்படி விட்டால், வட்டத்தின் ஒரு விளிம்பு தொட்டிக்கு அடியில் போய்விடும். கதவு உள்நோக்கித் திறக்காமல் சுவருக்குள் நகரும் கதவாக இருந்தால் இன்னும் கொஞ்சம் மிஞ்சும். துணி துவைக்கும் இடம் பின்சுவரை ஒட்டி இருந்தால் அதைப் பழைய வீட்டுக்குள் நகர்த்தலாம். இப்படிச் சுருக்கிச் சுருக்கி மூன்று அடியை மீட்க முடிந்தால், மிஞ்சுவது 21 அடி, கேட்பது 4 அடி, 16 சதவீதம். தேவைப்படும் அளவுக்கு மிகக் குறைந்த விலக்கையே வாரியம் அளிக்க வேண்டும் என்று சட்டமே சொல்வதால், ‘முதலில் 7 கேட்டோம், இப்போது 4 போதும்’ என்பது பலவீனமாகத் தெரியாது. எதிர்த்து வாக்களித்தவருக்கு, தம் நிலையை மாற்றிக்கொள்ள ஒரு கௌரவமான காரணம் கிடைக்கிறது. மனிதர்கள்தானே வாக்களிக்கிறார்கள்.

---

வேலியோரம் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. டவுன் கிளார்க் அலுவலகத்தில் விசாரித்தேன். எழுத்துவழி முடிவு இன்னும் பதிவாகவில்லையாம், வாரிய வழக்கறிஞரிடம் இருக்கிறதாம். வரைபடக்காரரிடம் பேசியதில், நீங்கள் சொன்னபடியே துவைக்கும் இடத்தை உள்ளே தள்ளினால் 21 அடி வரும் என்கிறார்.

இன்னும் இரண்டு ஐயங்கள். பின்வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான்; “உங்கள் அம்மா இருக்கும்வரை மட்டும் என்று நிபந்தனை போட்டால் எனக்கு ஆட்சேபமில்லை” என்கிறார். அதை வாரியத்திடம் நானே முன்வைக்கலாமா? மற்றொன்று, இரண்டு தெரு தள்ளியுள்ள அந்த வீட்டைப் பற்றி நான் கூட்டத்தில் சொன்னபோது தலைவர், “ஒவ்வொரு வழக்கும் தனி” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அது சரியா?

---

தணிகை எழுதியது:

முதல் ஐயத்துக்கு விடை: வேண்டாம். விலக்கு என்பது நிலத்தோடு போவது. வீட்டை விற்றால் வாங்குபவருக்கும் அது சேரும். ஆகவே வாரியம் போடும் நிபந்தனையும் நிலத்தின் பயன்பாட்டைப் பற்றியதாக இருக்க வேண்டுமே தவிர, அங்கே யார் வாழ்கிறார் என்பதைப் பற்றியதாக இருக்கக் கூடாது என்று 1988இல் ‘செயின்ட் ஆஞ்ச் எதிர் டோனவன்’ வழக்கில் அப்பீல் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வாரிய வழக்கறிஞர் அதைக் கேட்டவுடன் தலையை அசைத்துவிடுவார். அதோடு, உங்கள் தேவை தற்காலிகமானது என்று நீங்களே சொன்னதாகவும் ஆகிவிடும். அம்மாவின் நிலையைக் கேட்டு உறுப்பினர்கள் மனமிரங்குவார்கள். ஆனால் அவர்கள் எழுதும் முடிவில் நிலமும் சுவரும் அடிக்கணக்கும்தான் நிற்க முடியும். எனவே பின்வீட்டுக்காரரின் உண்மையான கவலை எதுவோ அதற்கு நிபந்தனை கேளுங்கள்: ஒரே தளம், கூரையின் உச்ச உயரம் இவ்வளவு, அவர் சமையலறையை நோக்கிய சுவரில் சன்னல் கிடையாது, எல்லையோரம் இவ்வளவு உயரத்தில் செடிவேலி. இவையெல்லாம் வாரியம் தயங்காமல் எழுதக்கூடிய நிபந்தனைகள்.

இரண்டாவதற்கு: தலைவர் சொன்னது பாதி சரி. ஒவ்வொரு வழக்கும் தனிதான்; ஆனால் சாராம்சத்தில் ஒரே உண்மைகள் உள்ள முந்தைய வழக்கில் ஒருவிதமாக முடிவெடுத்துவிட்டு, இப்போது காரணம் சொல்லாமல் வேறுவிதமாக முடிவெடுத்தால் அது தன்னிச்சையான முடிவு என்பது 1986ஆம் ஆண்டின் ‘நைட் எதிர் அமெல்கின்’ வழக்கிலிருந்து நிலைத்த விதி. வாரியம் பழைய முடிவிலிருந்து விலகலாம். ஏன் விலகுகிறது என்று சொல்லிவிட்டு விலக வேண்டும். ஆகவே வெறுமனே “அவருக்குக் கொடுத்தீர்களே” என்று சொல்லாதீர்கள். தகவல் அறியும் சட்டப்படி அந்த வழக்கின் முடிவையும் வரைபடத்தையும் கேட்டு வாங்கி, மண்டலம் ஒன்றா, மனையின் ஆழம் என்ன, எத்தனை அடி விலக்கு, பின்னால் வீடா வெற்றிடமா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். மூலைமனையாக இருந்தாலோ பின்னால் பூங்கா இருந்தாலோ அது உங்கள் வழக்குக்கு உதவாது. அப்போது அதைப் பேசாமல் விடுவதே மேல்.

---

பாஸ்டன் வாசகி எழுதியது:

இதைப் படிக்கும் மாசசூசெட்ஸ் நண்பர்கள் இந்த நாட்கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். அமெரிக்கா முழுவதும் இந்த வாரியங்கள் ஒரே வித்திலிருந்து முளைத்தவைதான். ஹெர்பர்ட் ஹூவர் வணிகத் துறைச் செயலராக இருந்தபோது அந்தத் துறை 1920களில் வெளியிட்ட மாதிரிச் சட்டத்தில் ஐந்து பேர் வாரியமும், அதிகாரியின் உத்தரவை மாற்ற நான்கு வாக்குகளும் என்று இருந்தது. ஒவ்வொரு மாநிலமும் அதைத் தன் போக்கில் வளைத்துக்கொண்டது. நியூயார்க்கில் மூன்று போதும் என்றால், இங்கே மாநில சோனிங் சட்டமான 40ஏ அத்தியாயப்படி ஐந்து பேர் வாரியத்தில் இன்றும் நான்கு வேண்டும். மூன்று பேர் வாரியம் என்றால் மூவரும் ஒப்ப வேண்டும்.

வாரியம் வாய் திறக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதில் இரு மாநிலங்களும் நேர் எதிர். அங்கே உரிய காலத்துக்குள் பெரும்பான்மை கிடைக்காவிட்டால் மறுப்பு. இங்கே விலக்குக் கேட்ட விண்ணப்பத்தைத் தாக்கல் செய்த 100 நாட்களுக்குள் வாரியம் செயல்படத் தவறினால், காலநீட்டிப்புக்கு ஒப்புதல் இல்லாதபோது, அது வழங்கப்பட்டதாகவே கருதப்படும். ஆனால் வாரியம் மறுத்துவிட்டால் இங்கே அடி பலமாக விழும். இறுதியாக மறுக்கப்பட்ட விண்ணப்பத்தை இரண்டு ஆண்டுகளுக்கு மறுபடி சாதகமாக எடுக்க முடியாது. நிலைமையில் குறிப்பான, முக்கியமான மாற்றம் இருக்கிறது என்று வாரியம் அதே பெரும் வாக்கில் கண்டறிந்து பதிவுசெய்தால்தான், அதுவும் திட்டமிடல் வாரியத்தில் ஒருவரைத் தவிர அனைவரும் ஒப்புக்கொண்டால்தான், அதற்கு முன்பே கதவு திறக்கும். ஆகவே தோற்கப் போகிறோம் என்று தெரிந்தால், வாக்கெடுப்புக்கு முன்பே எழுந்து, பாதகமின்றித் திரும்பப் பெற அனுமதி கேட்பதே இங்குள்ள வழக்கம். அறிவிப்பு வெளியான பிறகு அதற்கு வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். நீதிமன்றம் போவதற்கும் இங்கே 20 நாட்கள்தான், முடிவு டவுன் கிளார்க்கிடம் பதிவான நாளிலிருந்து.

விலக்குக்கான அளவுகோலும் இங்கே தராசு அல்ல. மண்ணின் தன்மை, மனையின் வடிவம், நிலத்தின் மேடுபள்ளம் ஆகியவற்றால் அந்த மனைக்கு மட்டும் ஏற்படும் இடர்ப்பாட்டைக் காட்ட வேண்டும். வேலியோரம் அவர்களின் வழக்கு இங்கே நடந்திருந்தால், மனை சாதாரண நீள்சதுரம் என்றால், வாரியம் மனமுவந்து கொடுத்தாலும் மேல்முறையீட்டில் நிற்பது கடினம்.

---

மறுபக்கம் எழுதியது:

இதுவரை எல்லோரும் கட்டுபவரின் பக்கத்திலிருந்தே எழுதியிருக்கிறீர்கள். நான் ஆட்சேபித்த அண்டைவீட்டுக்காரனாக நியூயார்க் வாரியம் ஒன்றின் முன் நின்றவன். மறுவிசாரணைக்கு ஏன் ஒருமித்த வாக்கு என்று தணிகை அவர்கள் சற்றே சலித்துக்கொண்டது போலத் தோன்றியதால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

ஒரு முடிவு வந்த பிறகு அதை நம்பி மனிதர்கள் செயல்படுகிறார்கள். விலக்குக் கிடைத்தவர் அஸ்திவாரம் போடுகிறார். விலக்கு மறுக்கப்பட்டதை அறிந்து பக்கத்து வீட்டை ஒருவர் விலைபேசி வாங்குகிறார். சாதாரணப் பெரும்பான்மையால் எந்த மாதமும் முடிவைத் திருப்பலாம் என்றால், ஓர் உறுப்பினர் ஓய்வுபெற்று இன்னொருவர் வந்தவுடன் பழைய வழக்குகளெல்லாம் மீண்டும் மேசைக்கு வந்துவிடும். என் வழக்கில் எனக்குச் சாதகமாக முடிவு வந்தபின், விண்ணப்பதாரர் மறுவிசாரணை கேட்டார். அந்த விதி இல்லாவிட்டால் நான் ஒவ்வொரு மாதமும் வேலைக்கு விடுப்புப் போட்டு அந்தக் கூடத்தில் போய் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்திருக்கும்.

திருத்திய தீர்மானம் என்ற வழியிலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. விசாரணை முடிந்துவிட்டது, நான் மறுபடி பேச முடியாது. அந்த நிலையில் புது வரைபடம் ஒன்று பின்வாசல் வழியாகப் போய் உறுப்பினர் கைக்குச் சேர்ந்தால், அதை நான் எங்கே பார்ப்பது, எங்கே மறுப்பது? வேலியோரம் அவர்கள் நேர்மையாக நடக்கிறார் என்று தெரிகிறது. முதலில் அந்த 21 அடி வரைபடத்தைப் பின்வீட்டுக்காரர் மேசையில் விரித்து வைக்கட்டும் என்பதே என் வேண்டுகோள்.

---

தணிகை எழுதியது:

மறுபக்கம் அவர்கள் சொன்னது நியாயம். நடைமுறையிலும் அது முக்கியமான எச்சரிக்கை. விசாரணை முடிந்தபின் புதிய சான்றைத் தனியே உறுப்பினர்களிடம் சேர்ப்பது முடிவையே பலவீனமாக்கிவிடும். ஆகவே வேலியோரம் அவர்களே, கடிதத்தைத் தலைவர் பெயருக்கு, வாரிய எழுத்தர் வழியாக, கோப்பில் சேரும்படி கொடுங்கள். எந்த உறுப்பினரையும் தனியே அழைத்துப் பேசாதீர்கள். கடிதத்தில் புதிய வாதம் எதுவும் வேண்டாம். “பின்புற விலக்கு 7 அடிக்குப் பதில் 4 அடிக்கு மிகாமல், ஒரே தளம், பின்சுவரில் சன்னல் இன்றி” என்று தீர்மானத்தைத் திருத்தி, 62 நாள் காலத்துக்குள் வாக்கெடுப்புக்கு விடும்படி கேட்டால் போதும். ஏற்கெனவே அறிவித்ததைவிடக் குறைவாகக் கொடுப்பது வாரியத்தின் அதிகாரத்துக்குள் இருப்பது. வரைபடத்தையும் பார்க்க வேண்டும் என்று உறுப்பினர்கள் விரும்பினால், விசாரணையை மறுபடி திறந்து, அறிவிப்புக் கொடுத்து, பின்வீட்டுக்காரரும் பேசும்படி செய்வதே ஒழுங்கு. அப்போது காலநீட்டிப்புக்கு உங்கள் ஒப்புதலைக் கேட்பார்கள், எழுத்தில் கொடுத்துவிடுங்கள். எழுத்துவழி முடிவு இன்னும் பதிவாகாதது உங்கள் நல்வாய்ப்பு. பதிவான பிறகு இதைக் கேட்டால், “இது மறுவிசாரணைதானே” என்ற வாதம் எழும்.

இங்கே இன்னொரு செய்தி பலருக்குத் தெரிவதில்லை. நியூயார்க்கின் திறந்த கூட்டச் சட்டம், நீதிமன்றம் போலச் செயல்படும் அமைப்புகளின் நடவடிக்கைகளுக்கு விலக்களிக்கிறது. ஆனால் சோனிங் மேல்முறையீட்டு வாரியங்களுக்கு அந்த விலக்கு இல்லை என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. உறுப்பினர்கள் உங்கள் வழக்கைப் பற்றிக் கலந்தாலோசிப்பதை நீங்கள் உட்கார்ந்து கேட்கலாம். போய்க் கேளுங்கள்; எதிர்த்த இருவரும் முதன்முறையாகக் காரணம் பேசுவது அப்போதாக இருக்கலாம்.

---

வேலியோரம் எழுதியது:

வரைபடத்தைப் பின்வீட்டுக்காரரிடம் காட்டினேன். செடிவேலியைவிடச் சன்னல் இல்லாத சுவர்தான் அவருக்கு முக்கியமாம். தன் பெயரில் ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டுத் தருகிறேன் என்றார். கடிதத்தை எழுத்தரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கிவிட்டேன். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்ப்பதா என்று தலைவர் முடிவுசெய்வாராம். அவர் சேர்க்கவில்லை என்றால் என்ன செய்வது?

---

கோட்டுப்படம் எழுதியது:

அவர் சேர்க்கவில்லை என்றால், சுருக்கிய வரைபடத்தை வைத்துப் புதிய விண்ணப்பமே போடுங்கள். அதே விண்ணப்பம் மறுபடி வந்தால் வாரியம் தொட மறுக்கலாம். 7 அடி 4 அடியாகி, சன்னல் போய், தளம் ஒன்றாகி வருவது வேறு விண்ணப்பம். கட்டணமும் அறிவிப்புச் செலவும் மறுபடி ஆகும் என்பது உண்மைதான். ஆனால் ‘ஆர்ட்டிகிள் 78’ வழக்கில், பதிவேட்டில் வாரியத்தின் முடிவுக்கு நியாயமான அடிப்படை இருக்கிறதா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். உங்களுக்காகத் தராசைத் தானே பிடிக்காது. வென்றாலும் பல வழக்குகள் மீண்டும் வாரியத்துக்கே அனுப்பப்படுகின்றன. அந்தச் செலவோடு ஒப்பிட்டால் புதிய விண்ணப்பம் மலிவு. பின்வீட்டுக்காரரின் அந்தக் கையெழுத்திட்ட வரியை இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள். புது விண்ணப்பத்தில் முதல் இணைப்பாக அதையே வைக்கலாம். முந்தைய முடிவு பதிவானதும் அதன் நகலையும் வாங்குங்கள், ஏனென்றால் எதிர்த்த இருவரின் காரணம் அதில் எழுதப்பட்டிருந்தால், உங்கள் புதிய விண்ணப்பம் விடை சொல்ல வேண்டியது அந்த வரிகளுக்குத்தான்.